ஆறு மாத நோட்டீஸ்

கம்பம் பள்ளத்தாக்கில் விமான நிலையம் இல்லை. விமானம் ஏற நாம் மதுரைக்குத்தான் செல்ல வேண்டும். அப்படியிருந்தும் அண்மையில் என்னிடம் கேட்கப்பட்ட மார்க்கக் கேள்வி ஒன்று விமானத்தைப் பற்றியது. சிறுவயதில் என்னிடம் ஓதிய மாணவர் இன்று ஒரு சிறிய விமான நிறுவனத்தில் துணை விமானி. "ஹஜ்ரத், பெரிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு மாத நோட்டீஸ் முடியும்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள். சொல்லாமல் விலகினால் அது வாக்கு மீறுவதாகுமா?" என்று கேட்டார்.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்னும் கட்டளையோடுதான் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. ஆனால் ஒப்பந்தத்திற்கு இரு தரப்பு உண்டு. எனவே மறுதரப்பைப் பற்றியும் விசாரித்தேன்.

200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் பெற்ற பின்னரும், ஓட்டப்போகும் விமான வகைக்கெனத் தனிப் பயிற்சி பெற வேண்டுமாம். அதற்காக இவருடைய அத்தா திராட்சைத் தோட்டத்தை அடமானம் வைத்தார். இவர் ஓட்டுவது எழுபது பேர் அமரும் ஏடிஆர் விமானம். பயணத் தொலைவு குறைவு என்பதால் ஒரே நாளில் ஐந்தாறு முறை ஏறி இறங்குகிறார். இடையே தரையில் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. சம்பளமும் இரண்டு மாதம் தாமதம். கடன் தவணையோ தாமதிப்பதில்லை.

இது ஒருவரின் கதை மட்டுமன்று. சிறிய நிறுவனத்தில் பறந்து அனுபவம் சேர்ப்பதும், பின்னர் பெரிய நிறுவனத்திற்குத் தாவுவதும் இத்தொழிலின் வழக்கமாகிவிட்டது. 2023இல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் நோட்டீஸ் காலத்தை முடிக்காமலே விலகினர். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. சிறிய நிறுவனங்களுக்கும் ஆயுள் குறைவு. கோயம்புத்தூரின் ஏர் கார்னிவல் 2016இல் தொடங்கி மறு ஆண்டே நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டாவும் 2017இல் நின்றது. இதையெல்லாம் கண்ட இளைஞர் நல்ல இடம் தேடுவதை நான் குறை கூறமாட்டேன்.

2017இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வகுத்த விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டும் துணை விமானிக்கு ஆறு மாதமும் நோட்டீஸ் காலம். நிறுவனம் ஆட்சேபணையின்மைச் சான்று தந்தால் அதைக் குறைத்துக்கொள்ளலாம். நோட்டீஸ் காலத்தில் நிறுவனமே சம்பளத்தைக் குறைத்தால் முன்கூட்டியே விடுவிக்கக் கோரலாம். ஆகவே, "எழுதிக் கொடுங்கள், சான்று கேளுங்கள், வரவேண்டிய சம்பளத்தையும் எழுத்தில் கேளுங்கள், இரவோடிரவாகப் போகாதீர்கள்" என்றேன். டிக்கெட் எடுத்துவிட்டு வந்து காத்திருக்கும் பயணி இந்தத் தகராறில் எந்தத் தரப்பும் அல்லரே!

சம்பளத்தைவிட என்னை அச்சுறுத்தியது அவருடைய உறக்கக் கணக்கு. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரருகே கோல்கன் ஏர் என்னும் சிறிய நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் மாண்டனர். அதன் துணை விமானி, பணியில் சேர்வதற்காக நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்தவர். அவ்விபத்திற்குப் பிறகே அந்நாட்டில் ஓய்வு விதிகள் கடுமையாயின. இங்கும் 2024இல் வெளியான விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. அவை முழுமையாக நடைமுறைக்கு வந்த சில வாரங்களில், 2025 டிசம்பரில், போதிய விமானிகளை ஆயத்தம் செய்யாத இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. அரசு அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்களித்தது. மக்களின் அவதி கண்டு அளித்த சலுகைதான். எனினும் ஓய்வை விட்டுக்கொடுத்துப் பெற்ற சலுகை எனக்கு உவப்பாயில்லை.

நம்மூரில் ஃபஜ்ர் தொழுது வெளியே வந்தால், ஏலத்தோட்டத்திற்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு நோக்கிச் செல்லும் ஜீப்புகளைக் காணலாம். வண்டி உரிமையாளர்களில் நம் ஜமாஅத்தாரும் உண்டு. ஓட்டுநர் நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தார் என ஒருவரிடம் கேட்டேன். "அது அவன் பாடு ஹஜ்ரத்" என்றார். விமானிக்காவது பறந்த மணியையும் ஓய்ந்த மணியையும் எழுதிவைக்க ஏடு இருக்கிறது. மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பதினைந்து பேரைச் சுமந்து செல்பவருக்கு அப்படி எதுவும் இல்லை.