பெட்டியோடு வா

80 கிலோ மீன் பெட்டியைக் கட்டிய வண்டியை மணலில் நிறுத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை துறைமுகத்தில் ஏலத்தில் எடுத்த மீனை ஐஸோடு அடுக்கி, எக்ஸ்எல் மொபெட்டிலும் பழைய பைக்குகளிலும் ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்குக் கிளம்பும் வியாபாரிகளுக்கு இது அன்றாடப் பாடு. சைடு ஸ்டாண்டின் பாதம் இரண்டு மூன்று விரல் அகலம்தான். சிமெண்டுத் தரையில் நிற்கும் வெறும் வண்டிக்கு அது போதும். கடற்கரை மணலிலும் மழையில் ஊறிய வண்டல் மண்ணிலும் ஆணி மாதிரி இறங்கிவிடும். வண்டி சாய்ந்தால் மீன் மண்ணாகும். அன்றைக்குப் போட்ட முதல் அதோடு போயிற்று.

இதற்கு வைத்தியம் பார்க்கும் ஒரு வெல்டிங் பட்டறையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். சாலையோரத் தகரக் கொட்டகை. படகு வேலையும் கேட் வேலையும்தான் பிழைப்பு, ஸ்டாண்டு வேலை இடையிடையே வருவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளில் வியாபாரிகள் வண்டியைப் பழுது பார்க்க வருவார்கள் என்றார் பட்டறைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் அவர் 'அண்ணன்'.

இளைஞர் ஒருவர் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார்.

"மணல்ல எறங்குதுண்ணே. ஒரு தகடு வச்சுக் குடுங்க."

"பெட்டி எங்கப்பா?"

"வீட்ல கெடக்கு."

"பெட்டி இல்லாம எதை வச்சு அளக்குறது? சரி, ரெண்டு பேரும் பின்னாடி ஏறி உக்காருங்க."

இரண்டாவது ஆள் நான்தான். நாங்கள் ஏறியதும் பின்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்கியது. ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற வண்டி கொஞ்சம் நிமிர்ந்தது. அவர் குனிந்து பார்த்தபடி ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து அளவு எடுத்துக்கொண்டார்.

அந்தக் குச்சிக்குள்தான் அவருடைய தொழில் இருக்கிறது. பாரம் ஏறினால் வண்டி தாழும், ஸ்டாண்டின் நீளமோ குறையாது. அதனால் வண்டி நெட்டுக்குத்தலாக நிற்கும். ஸ்டாண்டின் அடியில் 4 மில்லிமீட்டர் தகட்டையும் ஒட்டினால் இன்னும் நிமிரும். இடப்பக்கமிருந்து ஒரு காற்று தள்ளினாலோ, பெட்டிக்குள் ஐஸ் சரிந்தாலோ வலப்பக்கமாகக் கவிழும். ஆகவே தகடு வைப்பதற்கு முன் ஸ்டாண்டின் அடியைத் தகட்டின் கனத்துக்கு அறுத்துவிட வேண்டும். வெறும் வண்டியை அளந்து தகடு வைக்கிற இடங்களில் இந்தக் கணக்கு விட்டுப்போகிறது. அப்படி வைத்த வண்டிகள் பிறகு தன்னிடம்தான் வருகின்றன என்றார்.

ஸ்டாண்டைக் கழற்றுவதற்குள் நேரமாகிவிட்டது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் கீழே ஸ்டாண்டின் போல்ட்டில்தான் வடிகிறது. துரு ஏறி இறுகிக்கிடந்ததை மண்ணெண்ணெய் விட்டுத் தட்டித் தட்டித்தான் எடுத்தார். படகு வேலையில் மிஞ்சிய இரும்புத் தகட்டில் உள்ளங்கை அளவு வெட்டி, வெளிப்பக்க மூலையைச் சீவினார். அதைச் சீவாமல் விட்டால் இடது திருப்பத்தில் வண்டி சாயும்போது தகடு ரோட்டில் உரசி ஆளையே தூக்கிப் போட்டுவிடும். ஓரிரு புள்ளியில் டேக் வெல்டிங் மட்டும் அடித்து, வண்டியில் மாட்டி, மறுபடி எங்களை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மடக்கினால் எங்கேயாவது இடிக்கிறதா என்றும் பார்த்தார். அதன் பிறகே கழற்றி முழு வெல்டிங். கசடு தட்டி, கிரைண்டிங் அடித்து, ரெட் ஆக்சைடு பூசி, படகுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டையும் தீற்றினார். தளர்ந்துபோன ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது மாட்டச் சொன்னார். ஓடும்போது ஸ்டாண்டு தானாகக் கீழே விழுந்தால் அதைவிட ஆபத்து வேறில்லை. ஸ்பிரிங் நீங்கலாகக் கூலி 150 ரூபாய்.

அந்தப் பணமும் இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. உடைந்த மீன் ட்ரேயிலிருந்து கனமான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை அறுத்து, ஓட்டை போட்டு, வலை நூலைக் கட்டி, மறுமுனையை ஹேண்டில்பாரில் முடிந்திருக்கிறார்கள். ஸ்டாண்டுக்கு அடியில் போட்டு நிறுத்தலாம், வண்டியில் ஏறியபின் குனியாமல் இழுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, எக்ஸ்எல்லில் கியர் கிடையாது. சரிவில் பைக்கை நிறுத்துவதுபோல் கியரில் போட்டு நிறுத்த முடியாது. அதனால் பழைய டியூபை வளையமாக வெட்டி பிரேக் லிவரையும் பிடியையும் சேர்த்து மாட்டிவிடுகிறார்கள். வண்டி உருளாது. செலவு ஒரு பைசா இல்லை. படித்த பொறியாளர்களும் வந்து பார்க்க வேண்டிய வேலைகள் இவை.

உங்கள் வண்டியிலும் பால் கேனோ, தண்ணீர் கேனோ, காய்கறி மூட்டையோ ஏறுகிறது என்றால், ஸ்டாண்டு வேலைக்கு அந்தப் பாரத்தோடு போங்கள். ஸ்டாண்டைக் கழற்றி வைத்தே வெல்டிங் அடிக்கச் சொல்லுங்கள். கழற்ற முடியாமல் வண்டியில் வைத்தே அடிப்பதானால் முதலில் பேட்டரி ஒயரை எடுத்துவிட வேண்டும். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் எலக்ட்ரானிக் பாகங்கள் அதிகம். வெல்டிங் கரண்ட் அதில் பாய்ந்தால் 150 ரூபாய் வேலை பல ஆயிரத்தில் போய் நிற்கும். சைடு ஸ்டாண்டு போட்டால் இன்ஜின் அணைகிற வண்டியாக இருந்தால், வேலை முடிந்ததும் அந்த சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பட்டறையிலேயே ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.