இடையன்குடி பங்களா

தாம்பரத்தில் நெல்லை விரைவு வண்டி ஏறினால் மறுநாள் காலை திருநெல்வேலி. 1841இல் இராபர்ட் கால்டுவெல் இதே தொலைவை நீலகிரி வழியாகச் சுற்றி, பெரும்பாலும் நடந்தே கடந்தார். அயர்லாந்தில் பிறந்து ஆங்கிலத் திருச்சபையில் குருவானவர் அவர். தேரி மணலும் பனையும் சூழ்ந்த இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். மெரினாவில் 1968 முதல் நிற்கும் சிலையைவிட, அவர் வாழ்ந்த அந்த வீடுதான் எனக்கு அவரை நெருக்கமாக்கியது.

நெல்லைச் சீமையில் மிஷனரிகளை 'ஐயர்' என்பார்கள். அவர்கள் வீடு பங்களா. வங்காளத்துக் குடிசையின் பெயர் வெள்ளைக்காரர் வீட்டுக்குப் பெயரானது வேடிக்கைதான். இங்கிலாந்தின் குருமனை குளிருக்கு எதிராகக் கட்டப்பட்டது. பிராண்டி சகோதரிகள் வளர்ந்த ஹாவொர்த் குருமனை 1778-79இல் எழுந்தது: கல் சுவர், கணப்பு, புகைபோக்கி, வாசலுக்கு எதிரே கல்லறைகள். வராந்தா என்ற எண்ணமே அங்கில்லை. நம் பக்கத்து மிஷன் பங்களாவின் கவலையெல்லாம் வெயிலைப் பற்றியது. கனத்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, காற்று ஊடுருவ எதிரெதிர் வாசல்கள், சுவரில் வெயில் படாமல் காக்கும் வராந்தா. குருமனை என்ற பயன் மட்டுமே கடல் கடந்து வந்தது. உருவத்தை இந்த மண்ணின் வெயில் தீர்மானித்தது.

வராந்தா நிழல் தருவதோடு நிற்பதில்லை. வழக்கு, நோய், பள்ளிச் சம்பளம், பஞ்சம் என்று ஊர் வந்து நிற்கும் இடம் அது. உள்ளே யார் வரலாம், யார் படியோடு நிற்கவேண்டும் என்பதும் அங்கேதான் முடிவாகும். இடையன்குடி ஆண்டுகளில் கால்டுவெல் எழுதிய இரண்டு நூல்களை இந்த வராந்தாவை மனத்தில் வைத்துப் படிக்கலாம். 1849இல் பனையேறும் மக்களைப் பற்றி எழுதியது அம்மக்களையே புண்படுத்தி, நெடுங்காலம் எதிர்ப்பைச் சந்தித்தது. 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணமோ அதே மக்கள் பேசிய மொழியை ஒரு தனிக் குடும்பத்தின் தலைமை மொழிகளில் ஒன்றாக உலகின்முன் வைத்தது. மொழியிடம் இருந்த பணிவு மனிதர்களிடம் ஏன் இல்லை என்ற கேள்வி என்னை இன்றும் விடுவதில்லை. அந்த வீட்டிலேயே இன்னொரு விடையும் இருந்தது. நாகர்கோவில் மிஷனரியின் மகளான அவர் மனைவி எலைசா சிறு வயது முதலே தமிழ் பேசியவர். ஊர்ப் பெண்களுக்குப் பள்ளியும் லேஸ் பின்னலும் தந்தவர்.

1847இல் அடிக்கல் நாட்டிய தேவாலயம் முடிய 33 ஆண்டுகள் ஆயின. கோதிக் சன்னல்களுடன் 1880இல் அது நிமிர்ந்து நின்றது. வீட்டுக்கு அப்படி ஒரு ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை. அரசு புதுப்பித்து 2011இல் அதை நினைவு இல்லமாகத் திறந்தது.

பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பழைய வராந்தா வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்ககங்களுக்கு இடம்விட்டுவிட்டன. 1937இல் சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்த கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தில் நடக்கும்போதுதான், மரங்களுக்கு நடுவே அக்காலத்துக் குடியிருப்புகளின் சாயல் கிடைக்கிறது. பெயர் பெற்ற ஒருவர் வாழ்ந்திருந்தால் மட்டுமே வீட்டைக் காக்கிறோம். பெயரில்லாத வீடுகளின் வராந்தாக்களில் நின்றவர்கள் யார், எதற்காக நின்றார்கள் என்பதைச் சொல்ல அந்தப் படிகளைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தப் படிகளைத்தான் முதலில் இடிக்கிறோம்.