குனிந்த தலை



நெடுஞ்சாலையில் ஒரு லாரி நம்மை உரசுவதுபோல் கடந்து செல்லும்போது நம் மனதில் எழும் முதல் எண்ணம் எது? "குடித்துவிட்டு ஓட்டுகிறான்" என்பதா? "இவனுக்கெல்லாம் யார் லைசென்ஸ் கொடுத்தார்கள்?" என்பதா? உங்களைக் குற்றப்படுத்தும்படி இதைக் கேட்கவில்லை. நானே பல ஆண்டுகள் அப்படி எண்ணியவன். அந்த எண்ணம் எங்கே, எப்படி உடைந்தது என்பதை மறைக்காமல் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதில் எனக்குப் பெருமை சேர்ப்பது ஒன்றுமில்லை.

நாசரேத்துக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்திலிருந்து 1996-ஆம் ஆண்டு வேலை தேடி மும்பைக்கு வந்தேன். தாராவியில் ஓர் உறவினர் வீட்டில் எட்டுப் பேரோடு ஒன்பதாவது ஆளாகத் தங்கினேன். வேலை கேட்டுச் சென்ற இடங்களில் என் பெயரைக் கேட்குமுன்பே "மதராசி" என்றார்கள். மலையாளியும் கன்னடரும் தெலுங்கரும் தமிழரும் அவர்களுக்கு ஒரே மதராசிதான். "மதராசிகள் இப்படித்தான்" என்று பேச்சைத் தொடங்குவார்கள். அந்தச் சொல் எவ்வளவு சுடும் என்பதை உங்களில் அநேகர் அனுபவித்திருப்பீர்கள். அப்படிச் சுடுபட்ட நான், பிற்காலத்தில் ஒரு கார் வாங்கியவுடன் "லாரிக்காரர்கள் இப்படித்தான்" என்று பேசக் கற்றுக்கொண்டேன். இரண்டும் ஒரே வாக்கியம் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம். பன்வேலில் உறவினர் வீட்டுக்குச் சென்றுவிட்டு, மனைவியோடும் பத்து வயது மகனோடும் நெரூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் கார்கரைத் தாண்டியிருந்தோம். மழை விட்டிருந்தது, சாலை ஈரமாக இருந்தது. வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர்தான். "நான் வேகமாக ஓட்டுகிறவன் அல்ல" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

அப்பொழுது கைபேசி ஒலித்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் நடக்கவிருந்த கூட்டத்திற்கு எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டும் என்று ஒரு சகோதரி கேட்டு அனுப்பிய செய்தி அது. தீமையான காரியம் அல்ல, நல்ல காரியந்தான். "இருபது" என்ற ஒரே வார்த்தையைத் தட்டிவிடலாம் என்று குனிந்தேன்.

நிமிர்ந்தபோது முன்னால் சென்ற வாகனங்கள் யாவும் நின்றுகொண்டிருந்தன. மோதிவிடுவேன் என்ற பயத்தில், கண்ணாடியையும் பாராமல் இடப்புறம் ஒடித்தேன். இடப்புறத்தில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு வாஷி சந்தைக்குச் சென்றுகொண்டிருந்த லாரியின் முகத்துக்கு நேராக எங்கள் கார் போய் நின்றது. பிரேக் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. என் மனைவி அலறினாள். நான் கண்களை மூடிக்கொண்டேன்.

எங்கள்மேல் ஒன்றும் மோதவில்லை. கண் திறந்தபோது லாரி சாலையை விட்டு இறங்கி, ஓரத் தடுப்பில் முட்டி நின்றது. அதன் ஒரு பக்க விளக்கு நொறுங்கியிருந்தது. மூட்டைகள் சில சரிந்து, உருளைக்கிழங்குகள் சாலையெங்கும் உருண்டன.

இரண்டு நிமிடத்திற்குள் கூட்டம் கூடிவிட்டது. வந்தவர்களில் ஒருவரும் என்ன நடந்தது என்று விசாரிக்கவில்லை. லாரி பெரியது, கார் சிறியது. காரில் ஒரு பெண்ணும் பிள்ளையும் இருக்கிறார்கள். தீர்ப்பு எழுத அதுவே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. இருவர் ஏறி ஓட்டுநரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். "குடித்திருக்கிறான்" என்று ஒருவர் கத்தினார். ஒரு கை ஓங்கி அவர் கன்னத்தில் விழுந்தது. நாற்பது வயதிருக்கும் அந்த மனிதர் நெற்றியில் இரத்தம் வழியக் கைகூப்பி நின்றார்.

வாசகரே, அந்த வேளையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? என் காருக்குப் பக்கத்தில் நின்று, கூட்டத்தார் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். "பயப்படாதீர்கள் சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவர்கள் என்னைத் தேற்றினார்கள். நான் மறுத்து ஒரு வார்த்தையும் பேசவில்லை.

என் மகன்தான் என் கையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, நீங்கதானே போனைப் பார்த்தீங்க? அவரை ஏன் அடிக்கிறாங்க?"

அவன் தமிழில் கேட்டதால் கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. புரிந்தது எனக்கு மட்டுமே. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், எனக்குத் தெரிந்த இந்தியில், "அவரை விடுங்கள். தவறு என்னுடையது. நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றேன். ஒரு கணம் எல்லாரும் மௌனமானார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்து சென்றார்கள். அடித்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

உயரத்திலிருந்து பார்த்தவர்

போக்குவரத்துக் காவலர் வந்தபோதும் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அபராதம் செலுத்தினேன். லாரியின் விளக்குக்கும் சேதத்துக்கும் ஆகும் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். இல்லாவிட்டால் முதலாளி அதை அந்த ஓட்டுநரின் கூலியில் பிடித்திருப்பார். அவர் நெற்றிக்கு மருந்து வைத்துக் கட்டிய பின்பு, சாலையோரத் தேநீர்க் கடையில் இருவரும் உட்கார்ந்தோம்.

உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூர் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர் அவர். வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது என்றார். நான் அவரிடம், "நான் திடீரென்று குறுக்கே வந்தேன். எப்படி அவ்வளவு சீக்கிரம் திருப்பினீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"பாய் சாப், எங்கள் இருக்கை உயரமானது. அங்கிருந்து பார்த்தால் கார்களுக்குள் இருப்பது தெரியும். உங்கள் தலை குனிந்திருந்ததை நான் முன்னமே பார்த்துவிட்டேன். குனிந்த தலையைக் கண்டால் நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவேன். அந்தக் கார் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. தினமும் எத்தனை குனிந்த தலைகளைப் பார்க்கிறோம் தெரியுமா?"

நான் அவரைக் கவனமற்றவர் என்று எண்ணியிருந்தேன். அவரோ என் கவனமின்மையையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டிருந்தார். நாங்கள் மூவரும் இன்று உயிரோடிருப்பதற்கு அந்தக் கவனமே காரணம்.

ஐந்து நொடியின் கணக்கு

அன்று இரவு தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். ஒரு செய்தியை வாசித்து ஒரு வார்த்தை தட்ட ஐந்து நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 83 மீட்டர். அவ்வளவு தூரம் மனைவி பிள்ளையோடு கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். "ஒரு வினாடிதானே" என்று நாம் சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

கையில் பிடிக்காமல் பேசினால் ஆபத்தில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். கண் சாலையில் இருந்தாலும் மனம் பேச்சில் இருந்தால், பார்ப்பது மூளைக்கு எட்டுவதில்லை. குரல் கட்டளையால் கருவியை இயக்கிய பின்பு, ஓட்டுநரின் முழுக் கவனம் சாலைக்குத் திரும்ப 27 நொடி வரையிலும் ஆகலாம் என்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கண்டறிந்தார்கள்.

நம் தேசத்தில் அந்த 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. எங்கள் மூவர் பெயரும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும்.

கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே மோட்டார் வாகனச் சட்டம் வகைப்படுத்துகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

நாம் அறியாத அவர்களுடைய பாடு

அதன் பின்பு லாரிகளைக் குறித்து அறிந்துகொள்ளத் தொடங்கினேன். இரண்டு அச்சுள்ள சாதாரண லாரி, சரக்கோடு சேர்த்து 18.5 டன் வரை எடை இருக்கலாம் என்று 2018-இல் அரசு வரம்பை உயர்த்தியது. நம் சிறிய கார் ஏறக்குறைய ஒரு டன்னே. அவ்வளவு பாரத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. காற்றழுத்த பிரேக் மிதித்தபின் பிடிப்பதற்கும் சிறிது நேரம் எடுக்கிறது. ஆகவேதான் முன்னால் இடைவெளி விட்டு ஓட்டுகிறார்கள். நாமோ அதை நமக்காக ஒதுக்கிய இடம் என்று எண்ணி உள்ளே நுழைகிறோம். லாரியின் மூக்குக்குக் கீழேயும், இடப்புறக் கதவை ஒட்டியும், நேர் பின்புறத்திலும் வருகிறவர்கள் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். அவருடைய பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை என்றே கொள்ளுங்கள்.

நாளொன்றுக்கு 8 மணி நேரமே பொதுவான வேலை வரம்பு என்று, 2025 வரை நடைமுறையிலிருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனால் அது ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தியது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. ஓட்டுநர் அறையில் குளிர்சாதன வசதி கட்டாயம் என்பது 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கே. பழைய லாரிகளில் இன்னும் இயந்திரச் சூட்டில்தான் ஓட்டுகிறார்கள்.

2024 ஜனவரித் தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், பெட்ரோல் நிலையங்களில் நாம் வரிசையில் நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். கவனக்குறைவால் மரணம் விளைவித்து, தெரிவிக்காமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய பிரிவை அவர்கள் எதிர்த்தார்கள். "நின்றால் கூட்டம் எங்களை அடிக்கும்" என்பது அவர்களுடைய முறையீடு. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று புதிய குற்றவியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அப்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. விபத்தில் சிக்கியவரை விட்டு ஓடுவது சரியென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பயம் பொய்யல்ல என்பதற்கு நானே சாட்சி.

லாரி ஓட்டுநர்கள் எல்லாரும் குற்றமற்றவர்கள் என்று நான் வாதிடவில்லை. குடிக்கிறவர்களும், தூக்கத்தோடு ஓட்டுகிறவர்களும், கைபேசி பார்க்கிறவர்களும் அவர்களிலும் உண்டு. ஓட்டும்போது செய்தி தட்டுகிற கனரக வாகன ஓட்டுநருக்கு விபத்து அல்லது அதன் விளிம்புக்குச் செல்லும் அபாயம் 23 மடங்கு கூடுகிறது என்று அமெரிக்காவின் வெர்ஜீனியா டெக் நிறுவனம் 2009-இல் கண்டறிந்தது. தவறு செய்கிற ஓட்டுநரைத் தண்டிக்கட்டும். ஆனால் தவறு ஓட்டுகிறவருடைய செயலில் இருக்கிறது; வண்டியின் பருமனில் இல்லை.

இன்று எங்கள் காரில்

இப்போது எங்கள் காரில் ஒரு வழக்கம் உண்டு. சாவி போடுமுன் என் கைபேசியை மகன் வாங்கி, சத்தத்தை நிறுத்தி, முன்னாலுள்ள பெட்டியில் வைத்து மூடிவிடுவான். அவசரமானால் என் மனைவி பேசுவாள். நானே பேச வேண்டியதானால், ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுவேன். "வண்டி ஓட்டுகிறீர்களா? பிறகு பேசுகிறேன்" என்று சொல்லி வைத்துவிடவும் பழகிக்கொண்டோம். அழைக்கிறவருக்கும் இதில் பொறுப்பு உண்டு அல்லவா?

அந்த ஓட்டுநரின் எண் என்னிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறையாவது அழைப்பேன். அவர் ஒருபோதும் உடனே எடுப்பதில்லை. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கழித்து, வண்டியை நிறுத்திவிட்டு அவரே கூப்பிடுவார். "ஓட்டிக்கொண்டிருந்தேன், பாய் சாப்" என்பார்.