அகராதியும் தூக்குக்குண்டும்



எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். சாரத்தில் நின்று "குண்டை எடுப்பா" என்றால், கையாள் தூக்குக்குண்டைத்தான் எடுத்துக் கொடுப்பார். அகராதியைத் தேடிப் போகமாட்டார். காப்புரிமை பற்றிப் படித்தபோது, நீதிமன்றமும் இந்த வழியில்தான் போகிறது என்றறிந்து வியந்தேன்.

காப்புரிமைப் பத்திரத்தின் உயிர், 'கிளெய்ம்' எனும் உரிமைக் கோரிக்கைகள். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல, "இதற்குள் இருப்பது என்னுடையது" என்று சொல்லால் போடும் வேலி அது. ஒரு சொல்லின் பொருள் நகர்ந்தால் வேலியே நகர்ந்துவிடும்!

2005-ல் அமெரிக்காவில் பிலிப்ஸ் வழக்கு. சிறைச்சாலைக்கு ஏற்ற உறுதியான சுவர். அதற்குள் 'பேஃபிள்' எனும் உருக்குத் தடுப்புகள். அவை சாய்வாகத்தான் நிற்க வேண்டுமா, சுவருக்குச் செங்குத்தாகவும் நிற்கலாமா? இதுதான் சண்டை. சாய்வு கட்டாயமில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கண்டுபிடிப்பின் காலத்தில் அந்தத் தொழில் தெரிந்தவர், பத்திரம் முழுவதையும் படித்து ஒரு சொல்லை எப்படிப் புரிந்துகொள்வாரோ, அதுவே அதன் பொருள். அகராதி துணைக்கு மட்டுமே.

இனி நம் நியூரல் நெட்வொர்க்குக்கு வருவோம். அதன் கிளெய்ம்களில் 'வெயிட்' என்று வரும். அப்பாவிடம் சொன்னேன். "எத்தனை கிலோடா?" என்றார். கிலோ இல்லை, அது ஓர் எண். எந்த உள்ளீட்டுக்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்று அது சொல்லும். பயிற்சியின்போது பிழை குறையும்படி மாறிக்கொண்டே வரும். 'நியூரான்' என்பதும் நரம்பு அல்ல. பெருக்கி, கூட்டி, அடுத்த அடுக்குக்கு அனுப்பும் கணக்கு.

சரி, இந்த எண்கள் 'கணிப்பொறி நிரல்' ஆகுமா? நிரலுக்கு நிரல் என்ற அளவில் இங்கிலாந்துச் சட்டம் காப்புரிமை தராது. பாட்டுப் பரிந்துரைக்கும் நியூரல் நெட்வொர்க் ஒன்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது உயர் நீதிமன்றம், 2023-ல். வெயிட்டுகளும் நிரலே என்று அதை மாற்றியது மேல்முறையீட்டு நீதிமன்றம், 2024-ல். பிறகு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு சொல் படுத்தும் பாடு பாருங்கள்!

தமிழ் மீடியத்திலிருந்து வந்து, ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டாலே கை நடுங்கும் தோழனே, தோழியே! அந்தச் சொல் லேபில் என்ன வேலை செய்கிறது என்று கேள். சட்டம் தேடுவது ஆங்கிலப் புலவரை அல்ல. வேலை தெரிந்த ஆளை. அந்த ஆள் நாமாக ஏன் இருக்கக்கூடாது?

— மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு