களியும் ஒருசந்தியும்

புட்டிங் என்ற சொல்லைக் கேட்டவுடன் பாலும் சர்க்கரையும் சேர்ந்த இனிப்புப் பண்டமே நம் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்தின் வடமேற்கே, கம்பர்லாந்து, வெஸ்ட்மர்லாந்து என்று வழங்கி 1974-ல் கம்பிரியா என்ற பெயரில் இணைந்த மலைநாட்டில், உப்பிட்டுச் சமைக்கும் புட்டிங் ஒன்று உண்டு. தவக்காலத்தின் கடைசி இரு வாரங்களே அதற்குரிய காலம். ஈரப் புல்வெளிகளில் தழைக்கும் ஒருவகைக் கீரையை அவ்வூரார் 'ஈஸ்டர் லெட்ஜ்' என்பர். அதனோடு, நம் காஞ்சொறியைப் போலத் தொட்டால் அரிக்கும் தழையொன்றின் இளந்தளிரையும் பறித்து, வெங்காயமும் பார்லியும் சேர்த்துத் துணிப்பையில் கட்டி வேகவைப்பர். வெந்ததும் அரிப்பு அகன்றுவிடும். இறுதியில் முட்டையும் வெண்ணெயும் கலந்து உண்பர்.

இதைப் பக்தி மட்டுமே படைத்த உணவென்று கருதுதல் சரியன்று. குளிர்காலம் முடியும் தறுவாயில் சேமித்த காய்கிழங்குகள் தீர்ந்திருக்கும். புது விளைச்சலுக்கோ நாள் இருக்கும். அவ்வேளையில் முதலில் தலைநீட்டுவன இத்தழைகளே. ஏழைக் குடியானவனின் பஞ்ச காலமும் திருச்சபையின் தவக்காலமும் ஒரே பானையில் சந்தித்தன.

ஆரணிப் பக்கத்தாருக்கு இதில் வியப்பு இராது. வரப்பிலும் ஏரிக்கரையிலும் தானே முளைத்த பண்ணைக்கீரை, குப்பைக்கீரை முதலியவற்றை ஒன்றாகக் கடைந்து 'கலவைக்கீரை' என்று கேழ்வரகுக் களியோடு உண்பது வட ஆர்க்காட்டாரின் பழைய வழக்கம். கொதிக்கும் நீரில் அரிசி நொய்யை வேகவிட்டு, மாவைக் கொட்டி, ஆவியில் சிறிது நேரம் விட்டுத் துடுப்பால் கிண்ட வேண்டும். கட்டி விழாமல் கிண்டுவதற்குத் தோள்வலி தெரியாத பெண்மணி வேண்டும்! கைகளை நனைத்துக்கொண்டு உருண்டையாக உருட்டிப் போடுவர்.

தறி வைத்திருக்கும் வீட்டில் களிக்கு வேறொரு கணக்கும் இருந்தது. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஊறினால் நெசவு நின்றுவிடும். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. பட்டும் சரிகையும் கையில் புரளும், அடுப்பில் களி வேகும். அந்நாளில் நெல்லுச்சோறு ஞாயிற்றுக்கிழமைக்கும் திருநாளுக்கும் உரியது.

சென்ற தவக்காலத்தில் எம் பங்கின் இளைஞர்கள் ஒரு யோசனை கூறினர். வெள்ளிதோறும் எல்லா வீடுகளிலும் களி மட்டும் உண்டு, மிஞ்சும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பது என்பது அது. நல்ல யோசனைதான். பூசை முடிந்து வெளியே வந்த மூதாட்டி ஒருவர், நாற்பதாண்டுகள் பாவு புணைத்தவர், என்னிடம் கேட்டார்: "சாமி, களி தின்னா ஒருசந்தி ஆயிடுமா? அப்படின்னா எங்க அப்பா அம்மா சாகிற வரைக்கும் ஒருசந்திதான் இருந்தாங்களா?"

சட்டத்தின்படி விடை எளிது. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். 18 வயது நிறைந்தோர் முதல் அறுபதாம் வயதைத் தொடங்காதோர் வரை அது கடமை. ஒருவேளை மட்டும் வயிறார உண்பதே ஒருசந்தி. எதை உண்கிறோம் என்பது சுத்தபோசனத்தின் பாற்பட்டது. (கறியை விலக்கிக் கருவாட்டுக் குழம்பில் மூழ்குவோரைப் பற்றி இங்கே பேசவில்லை.) ஆனால் அம்மூதாட்டி கேட்டது சட்டத்தையன்று. 17-2-1966 அன்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் வெளியிட்ட திருமடல் இதை அன்றே எண்ணிப் பார்த்திருக்கிறது. செல்வ வளமுள்ள நாட்டினர் தம்மை ஒறுத்துப் பசித்த சகோதரருக்கு ஈய வேண்டும். வறுமையில் உழல்வோர் தம் துன்பத்தையே செபத்தோடு ஒப்புக்கொடுக்கலாம், அவர்தம் நிலையை மேம்படுத்தச் சமூக நீதிக்காகவும் உழைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. ஆகவே, "ஆம், ஒப்புக்கொடுத்திருந்தால் அதுவும் தவமே" என்றேன். "ஒப்புக்கொடுத்தாங்களா, திட்டினாங்களான்னு யாருக்குத் தெரியும்" என்று சிரித்தார்.

இன்று கணக்கு தலைகீழாகிவிட்டது. 2011 முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. கேழ்வரகையோ காசு கொடுத்து வாங்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டென்பதால் மருத்துவரும் பரிந்துரைக்கிறார். ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. வசதியுள்ளோர் நீரிழிவுக்கு அஞ்சி உண்ணும் களியைத் தவம் என்று உண்டியலில் எழுதிக்கொள்வது சற்றுச் சிக்கலே.

இளைஞர்களிடம் களியை விட்டுவிடச் சொல்லவில்லை. மிஞ்சும் பணம் என்பதைத்தான் திருத்தினோம்: அவரவர் வீட்டில் வெள்ளிக்கிழமைக் கறிக்கும் ஓட்டல் பலகாரத்துக்கும் ஆகும் தொகை எதுவோ, அதுவே பெட்டியில் விழ வேண்டும், அது தறி நின்றுபோன வீடுகளுக்குச் சேர வேண்டும். மூன்றாம் வெள்ளியன்று அம்மூதாட்டி பங்கு வளாகத்தில் துடுப்பைப் பிடித்து நின்று, கட்டி விழுந்த முதல் பானையைப் பார்த்து, கிண்டிய இளைஞனிடம், "இதை நீயே சாப்பிடு தம்பி, உனக்கு இதுதான் ஒருசந்தி" என்றார்.