கவாலியர் வாங்கலாமா?

கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல். பேர் தெரியாவிட்டாலும் ரீல்ஸில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பெரிய கண், தொங்குகிற பட்டுக் காது, மிஞ்சினால் எட்டு கிலோ எடை. திருடன் வந்தாலும் வாலாட்டும். என் தங்கச்சி ஒரு மாசமா "அண்ணா, இதான் வேணும்"னு ஒத்தக்கால்ல நிக்கிறா. காசு கொடுக்கும் முன் படித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

பெயரில் இருக்கும் சார்லஸ், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்லஸ். ஆலோசனைக் கூட்டத்தில் வேலையைக் கவனிக்காமல் ராஜா நாயோடு விளையாடிக்கிட்டு இருந்தாரென்று 1667-இல் சாமுவேல் பீப்ஸ் டைரியில் புலம்பியிருக்கிறார். (நம்ம லாஸ்ட் பெஞ்ச்சும் போனும் மாதிரி.)

அந்த நாய்களுக்கு மூக்கு நீளம். விக்டோரியா காலத்தில் தட்டை மூக்கு ஃபேஷன் ஆனதும் பழைய முகம் காணாமல் போனது. பழைய ஓவியங்களில் இருந்த அந்த நாயைத் தேடி வந்த ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், 1926-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 25 பவுண்டு பரிசு அறிவித்தார். நீள மூக்கு குட்டிகளைத் தேடிப்பிடித்து இணை சேர்த்தார்கள். 1945-இல் பிரிட்டன் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது.

சிக்கலும் அங்கேதான். ஆரம்பத்தில் இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய நாய்கள். சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்த்ததில், முகத்தோடு சேர்ந்து நோயும் வந்தது. இதயத்தின் மைட்ரல் வால்வு சீக்கிரமே தேயும். மெக்கானிக்கல் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஒன்வே வால்வு லீக். இந்த இனத்தின் சாவுக்கு முதல் காரணம் இதுதான். இன்னொன்று இன்னும் கொடுமை: மண்டையோட்டின் பின்பக்கம் மூளைக்குப் போதுமான இடம் இல்லை. திரவ ஓட்டம் தடைபட்டு, தண்டுவடத்துக்குள்ளே குழிகள் உண்டாகும். அப்படிப்பட்ட நாய் நடந்துகொண்டே கழுத்துப் பக்கம் காற்றில் சொறியும், கால் தோலில் படாது. அதை யாராவது 'டான்ஸ்' என்று போட்டிருந்தால் நானும் லைக் போட்டிருப்பேன். அது வலி.

2023-இல் நார்வே உச்ச நீதிமன்றம், கவாலியரை கவாலியரோடு இணை சேர்த்துக் குட்டி எடுப்பது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. வளர்க்கத் தடை இல்லை. வேறு இனத்தோடு முறையாகக் கலக்கவும் வழி விட்டிருக்கிறது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

தாய், தகப்பன் இரண்டின் இதயப் பரிசோதனையும் எம்ஆர்ஐ ரிப்போர்ட்டும் இருக்கா என்று ஒரு விற்பனையாளரிடம் கேட்டோம். "சர்ட்டிபிகேட் இருக்கு தம்பி, குட்டி நல்லா ஆக்டிவ்"னு பதில் வந்தது. வம்சாவளி சர்ட்டிபிகேட் அப்பன் யாருன்னு சொல்லும், வால்வு எப்படின்னு சொல்லாது. வேண்டாம் என்று தங்கச்சியே சொல்லிவிட்டாள்.

ஏற்கெனவே வீட்டில் கவாலியர் இருந்தால் வாராவாரம் காதைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் தங்கினால் புண்ணாகும். எடை ஏற விடாதீங்க. கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு மாட்டும் ஹார்னஸ் நல்லது. வருஷம் ஒருமுறை டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத்தைக் கேட்கட்டும். இதய நோய் இருக்கிற நாய் என்றால், அது நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிட்டு ஓடணும்.