பேச எழுந்தாலே நடுக்கம்!

வீட்டில் இலக்கணப் பயிற்சி எல்லாம் சரியாக வரும். வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்... ஒரு வார்த்தை வராது. வேற்று மொழி படிக்கும் பலருக்கும் இந்தக் கதைதான்.

ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1983 கோடையில் இவர்களுக்காக ஒரு ஆதரவுக் குழு ஏற்பாடானது. தகவல் போனது 225 பேருக்கு. சேர விரும்பியவர்கள் 78 பேர், மூன்றில் ஒருவருக்கும் மேல்! ஆனால் இடம் இருந்தது 30 பேருக்குத்தான். (தேவைக்கும் அளிப்புக்கும் எவ்வளவு இடைவெளி பாருங்கள். மீதி 48 பேர் என்ன செய்தார்களோ, பாவம்.)

குழுவில் பயத்தை வாய்விட்டுப் பேசினார்கள். படிக்கும் முறைகளும் பதற்றத்தைக் குறைக்கும் பயிற்சிகளும் கிடைத்தன. எலைன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோஆன் கோப் மூவரும் 1986இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். 33 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாளும் இதே ஆய்வில் பிறந்ததுதான். மாணவர் வாய் திறக்காவிட்டால் 'படிக்கவில்லை' என்று முடிவு கட்டுவது சுலபம். இங்கே விஷயமே வேறு. சிலர் அளவுக்கு மீறிப் படித்துவிட்டும் அதே தப்பைத்தான் செய்தார்கள்!

இதற்கு முன்பே சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் கர்ரன் வேறு வழி பிடித்திருந்தார். பாதிரியார், உளவியல் பேராசிரியர். அவர் முறையில் மாணவர்கள் வட்டமாக உட்கார்வார்கள். ஆசிரியர் முன்னால் நிற்க மாட்டார், முதுகுக்குப் பின்னால் நிற்பார். மாணவர் தாய்மொழியில் சொல்வதைப் புது மொழியில் மெதுவாகக் காதில் சொல்வார். மாணவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னதும் டேப்பில் பதிவாகும். கடைசியில் டேப்பைப் போட்டால் புது மொழியில் ஒரு முழு உரையாடல், அத்தனையும் மாணவர்கள் குரலில்!